மூன்று இலவசக் காவல்காரர்களும் ஆறாம் வகுப்பு அறிவியலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், அவர், மாமனார், குழந்தை நால்வரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. இன்று மதியம் போனில் நீ கத்திய கத்தலிலேயே உன் நுரையீரல் முதல் தரமாக இருப்பது தெரிந்துவிட்டது. போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுகிறாய். காகிதத்தில் அது நடக்காது பார், அதனால்தான் குழந்தை தூங்கியதும் நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காலையில் அவர் ஆபீஸ் போகிற வழியில் உன்னிடம் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாய். "உனக்கெல்லாம் போன் போதும்" என்றாய். வராதே. வந்தால் டீ கிடைக்கும், கம்ப்யூட்டர் கிடைக்காது. உனக்கு அது பழைய பெட்டி. எனக்கு அதுதான் உத்தியோகம். குழந்தை பிறந்து இரண்டு வருஷம் கழித்து, யார் சிபாரிசும் இல்லாமல் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. பாடநூல் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறேன். ஆறாம் வகுப்பு அறிவியல், பன்னிரண்டு பாடம், திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ஏழாம் வகுப்பும் எனக்குத்தான் என்று அச்சக மேனேஜர் அம்மா சொல்லியிருக்கிறார். சேராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஓசியில வர்ற ஆன்டிவைரஸெல்லாம் குப்பைடி, காசு கொடுத்து வாங்கிப் போடு" என்று மூன்று தடவை சொன்னாய். ஏன் அண்ணா, உன் ஆபீஸில் வேண்டாம் என்று ஒதுக்கியதை நீ எனக்கு ஓசியில் தந்ததுதானே இந்தக் கம்ப்யூட்டரே? மிக்ஸி மாதிரி இரைகிறதே, ஒரு நாளாவது குப்பை என்று சொல்லியிருப்பேனா? அதுவும் இல்லாமல், நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. நாலு நாள் உட்கார்ந்து ஒன்பது இலவச ஆன்டிவைரஸ்களை விசாரித்தேன், நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன், எது கம்ப்யூட்டரை இழுத்துப் பிடிக்கும், எது நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் காட்டும், எது முதல் மாதம் இலவசம் என்று சொல்லி இரண்டாம் மாதம் கழுத்தைப் பிடிக்கும் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். நிபந்தனைகளை நாற்பது பக்கமும் வாசித்தேன். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் தேடியபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில் கேடயம் படம் போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கு அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

ஆனால் மாமனார் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பகுதி வாசிக்கிறவர். "ஆந்தைப் படம் போட்டது ஒண்ணு இருக்கும்மா. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்குமாம்" என்றார். நான் உன் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சீப்பைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா சொன்னதையும் போட்டுடேன், என்ன சோறா கேக்கப் போகுது?" என்றார். பெரியவர் மனசு கோணக் கூடாதே என்று ஆந்தையையும் போட்டேன். மறுநாள் உன் மருமகள் கீபோர்டில் பாலைக் கவிழ்த்தாள். வந்த சர்வீஸ்காரர் டூத்பிரஷால் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்துக்கொண்டே, "இது ரெண்டுமே வேஸ்ட் மேடம், எங்க வீட்ல குடைதான்" என்று குடைப் படம் போட்ட மூன்றாவதையும் ஏற்றிவிட்டார். அத்தனை பாலையும் துடைத்த மனுஷனிடம் எப்படி வேண்டாம் என்பது?

அப்புறம் கேட்கவே வேண்டாம். கேடயம் எழுந்து ஆந்தையை ஆபத்து என்றது. ஆந்தை கேடயத்தை ஆபத்து என்றது. குடை இரண்டையும் சந்தேகப்பட்டது. மூன்றும் மாறி மாறி "வெளியேற்றவா?" என்று கட்டம் கட்டமாகக் கேட்க, பாடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பதற்குள் குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டு வரலாம் என்று ஆகிவிட்டது.

"ஆந்தை என்னம்மா சொல்லுது?" என்றார் மாமனார்.

"கேடயத்தை வெளிய அனுப்பச் சொல்லுது மாமா."

"நான் அப்பவே நெனச்சேன்."

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். "ஒரு கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான் மேடம் இருக்கணும்" என்றார்.

"மூணாவத நீங்கதானே போட்டீங்க?"

"மத்த ரெண்டையும் நீங்க எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் நீ அவரிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போன் செய்து கத்தினாய். நீ வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. யாரையும் கேட்கவில்லை. குடையை எடுத்தேன், ஆந்தையை எடுத்தேன். மாமனார் முன்னால் போய் நின்று, "ஆந்தைய எடுத்துட்டேன் மாமா" என்றேன்.

பத்திரிகையை மடித்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

கொஞ்சம் யோசித்தார். "ஆமா, சொல்லியிருப்பேன்" என்று மறுபடி பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான் அண்ணா. இதற்குத்தான் நான் ஒரு வாரம் பயந்தேன்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். தனியாக நின்ற என் கேடயம் இரண்டு மணி நேரம் மூலை முடுக்கெல்லாம் துழாவி ஒரு திருடனைப் பிடித்தது. பேர் ஊர் இல்லாத ஒரு புரோகிராம். தினமும் சாயங்காலம் தானாக எழுந்து, என் அறிவியல் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் எங்கேயோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது! அச்சுக்கே போகாத புத்தகம். "இதையும் இதைச் சேர்ந்த அனைத்தையும் அழிக்கவா?" என்று கேடயம் கேட்டது. அழி என்றேன். அந்தத் திருடன் என்றைக்கு நுழைந்தான் தெரியுமா? தேதி போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் உன் கையிலிருந்து வந்த அன்றைக்கே! காசு கொடுத்த உன் ஆன்டிவைரஸ் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? ஆகவே என் கம்ப்யூட்டர் நலம், என் வேலை நலம், உன் உதவி தேவையில்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். நீ கத்தாமல், ரத்தக் கொதிப்பில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
யாருக்கும் பயப்படாத
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது உன் மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். திருடனைப் பிடித்த கதையைச் சொன்னேன். டம்ளர் பாதியில் நின்றது. "ஐயையோ, அது உங்க அண்ணன் வெச்சதாச்சே! உன் வேலை தொலைஞ்சிடக் கூடாதுன்னு தெனம் ஒரு காப்பி அவர் கம்ப்யூட்டருக்குப் போகட்டும்னு வெச்சார். சொன்னா நீ பயப்படுவேன்னு உங்கிட்ட சொல்லல" என்றார். ஓடிப்போய் அறிவியல் ஃபோல்டரைத் தேடினேன். ஃபோல்டரே இல்லை. அதுவும் 'இதைச் சேர்ந்த அனைத்திலும்' சேர்த்தியாம். ஞாயிறு வரை காத்திருக்காதே அண்ணா, இதைப் படித்த கையோடு பன்னிரண்டு பாடத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பி வா. எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஆன்டிவைரஸ் மட்டும் இலவசம்தான், அதில் மாற்றமில்லை. கேடயம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்குள் ஆள் வைத்தது நீ.