ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்

வெள்ளிமலைத் தோட்டம், மேல் டிவிசன்,
திம்புள்ள.
கார்த்திகை மாதம், 1961.

கினிகத்தேனையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் மகாகனம் பொருந்திய சோலைமலை முதலாளி ஐயா அவர்களுக்கு, கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் பழனியாண்டி பணிவோடு கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே மழையையும் அட்டைக்கடியையும் தவிர மற்றபடி எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், வீட்டம்மாவும், கடையும், கடைக்கு வரும் சனங்களும் சுகமாக இருக்க எங்கள் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஐயா, தாங்கள் என்னைப் பார்த்ததில்லை, நானும் தங்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு வாரமாகத் தங்கள் பெயரைச் சொல்லித்தான் விளக்கு ஏற்றுகிறேன். காரணம், தங்கள் மகன் கணேசமூர்த்தி சார். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார் அவர்தான். அவர் செய்த உபகாரத்துக்கு நன்றி சொல்ல அவரிடமே போனேன். "நான் ஒண்ணும் பாக்கலைங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். வாங்க மாட்டேன் என்கிற மனுசனிடம் நன்றியை எப்படிக் கொடுப்பது? அதனால் பெற்றவருக்கே அனுப்புகிறேன்.

விசயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் இரண்டு சங்கம். ஒன்று கூடைச் சங்கம், கொடியில் கொழுந்துக் கூடை இருக்கும். மற்றது கத்திச் சங்கம், கொடியில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருக்கும். முன்பு ஒன்றாக இருந்தவர்கள்தான். ஏன் பிரிந்தார்கள் என்று இரண்டு தலைவர்களும் என்னை உட்கார்த்தி வைத்து விளக்கியிருக்கிறார்கள், இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. கூடைக்குத் தலைவர் செல்லசாமி, என் வீட்டுக்காரி வீரம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். கத்திக்குத் தலைவர் வீரய்யா, என் மூத்த மகள் மீனம்மாவை அவர் மகனுக்குத்தான் பேசி முடித்திருக்கிறோம், வருகிற தையில் கல்யாணம். இப்போது தாங்களே சொல்லுங்கள். தாய்மாமன் சீர் கொண்டு வராமல் பெண் மணவறையில் உட்கார முடியுமா? மாப்பிள்ளையைப் பெற்றவர் வராமல் தாலிதான் ஏறுமா? அவர் கேட்டார், அவர் சங்கத்தில் கைநாட்டு வைத்தேன். இவர் கேட்டார், இவர் சங்கத்திலும் வைத்தேன். விரல் ஒன்றுதான் ஐயா, என்ன செய்வது.

வருசம் பிறந்தால் சங்கத்து ஆள் வீட்டுக்கெல்லாம் ஒரு காலண்டர் வரும். வந்தால் போதாது, சுவரில் தொங்குகிறதா என்று பார்க்கவே தலைவர்கள் தேத்தண்ணி குடிக்க வருவார்கள். லயத்தில் எங்களுக்கு உள்ளது ஒற்றை அறைக் காம்பரா, அதில் இருப்பது ஒரே ஆணி. இரண்டையும் அதிலேயே மாட்டினேன். மச்சான் வந்தால் கூடை முன்னால், சம்மந்தி வந்தால் கத்தி முன்னால். வருவது யார் என்று வீரம்மா வாசலில் நின்று இருமிக் காட்டுவாள், அண்ணனுக்கு ஒரு இருமல், சம்மந்திக்கு இரண்டு. இரண்டு பேரும் சேர்ந்து வந்துவிட்டால் ஆணியில் என் கோட்டைத் தொங்கவிட்டுக் கம்பளியைப் போர்த்திக் காய்ச்சல் என்று படுத்துவிடுவேன். இந்த வருசம் எனக்கு ரொம்பக் காய்ச்சல் ஐயா. போன மாதம் மச்சான் இரக்கப்பட்டு மருந்து வாங்கி வந்துவிட்டார், அவர் பார்க்கப் பார்க்க அந்தக் கசப்பைக் குடித்தும் தொலைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், பெரிய துரை ஒரு வார்த்தை சொன்னார். எந்தச் சங்கத்தில் ஆள் அதிகமோ அந்தச் சங்கத்தோடுதான் இனிமேல் பேசுவேன் என்றார். உடனே இரண்டு தலைவர்களும் லயம் லயமாக ஆள் கணக்கு எடுக்கக் கிளம்பினார்கள். பெரியவர்களைக் கேட்டால் என்னைப் போலத் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டுகிறார்கள். பிள்ளைகள் பொய் சொல்லாது, பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும் என்று மச்சானுக்கு யோசனை உதித்தது. காகிதக் கொடி ஒரு கட்டு எடுத்துக்கொண்டு, துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே போய்ப் பார்த்தால் சம்மந்தி வீரய்யா, கக்கத்தில் புதுக் காலண்டர்களோடு வாசலில் நிற்கிறார். அவருக்கும் அதே யோசனை! நான் இரண்டு பேருக்கும் நடுவில். பள்ளிக்கூடத்தில் கம்பளியும் கிடையாது, படுக்க இடமும் கிடையாது.

அன்றைக்குப் பார்த்து சார் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டைச் சிலேட்டில் படமாகப் போடச் சொல்லியிருந்தார். என் இளைய மகள் சண்முகவடிவு, ரெண்டாம் வகுப்பு, கை சும்மா இருக்காது. கண்ணில் பட்டதை அப்படியே போட்டுவிடுவாள். சிலேட்டில் எங்கள் காம்பரா. சுவரில் ஒரு ஆணி. ஆணியில் கூடைக் காலண்டர், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து கத்திக் காலண்டரை உருவுகிறேன் நான். வாசலில் அவள் அம்மா வாயைப் பொத்தி இருமுகிறாள். தூரத்தில் பெரிய மீசையோடு ஒரு ஆள் குடை பிடித்து வருகிறார். மீசையைப் பார்த்தால் சம்மந்தி வீரய்யாவேதான். என் மகளுக்கு இவ்வளவு திறமை இருக்கிறது என்று அந்த நேரத்தில்தானா எனக்குத் தெரிய வேண்டும்? "மாமா, எங்க வீட்டப் பாருங்க" என்று அவள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். மீனம்மாவின் கல்யாணம் அவள் கையில் ஆடிக்கொண்டு வருகிறது.

சார் குறுக்கே வந்து சிலேட்டை வாங்கினார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் வெளுத்து உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டை, அந்தச் சட்டைக் கையாலேயே படத்தை அழுத்தித் துடைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையின் சிலேட்டையும் எடுத்துத் துடைத்தார். அது சம்மந்தியின் கடைசி மகள் அம்மாக்கண்ணு, பாவம், பொலபொலவென்று அழுதுவிட்டது. ஒரு பிள்ளைக்குச் செய்ததை இன்னொன்றுக்கும் செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, அவ்வளவு நியாயஸ்தர்.

மச்சான் விடவில்லை. நம்முடைய காலண்டர் எந்தெந்த வீட்டில் தொங்குகிறது, பிள்ளைகள் கையைத் தூக்கட்டும் என்றார். சம்மந்தியும் அதையே கேட்டார். தங்கள் மகன் குரலை உயர்த்தவே இல்லை ஐயா. "கையக் கீழ போடுங்க பிள்ளைங்களா" என்றார். பிறகு இவர்களிடம், "இது பள்ளிக்கூடமுங்க. இங்க கூடையும் வேணாம், கத்தியும் வேணாம். பிள்ளைங்க என்னைய நம்பித்தான் வீட்டு விசயமெல்லாம் பேசுதுங்க. எங்கப்பா கினிகத்தேனையில கட வச்சிருக்காரு. ஒருத்தர் வாங்கின சாமான இன்னொருத்தர்கிட்டச் சொல்லமாட்டாரு. நானும் அப்படித்தாங்க" என்றார்.

துரையிடம் சொல்லி உங்கள் வேலைக்கு உலை வைப்போம் என்று இரண்டு தலைவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். சங்கம் பிரிந்த பிறகு அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். சார், சரிங்க, சொல்லுங்க என்று கதவைச் சாத்திக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இவர்கள் பங்களாவுக்குப் போனார்கள். துரையிடம் முதலில் பேசுவது எந்தச் சங்கம் என்று பங்களா வாசலிலேயே சண்டை பிடித்து, நாய் குரைத்து, பங்களாச் சமையல்கார அப்பு வந்து விரட்டி, உள்ளே போகாமலே திரும்பிவிட்டார்கள். சார் வேலை தப்பியது. என் மகள் கல்யாணமும் தப்பியது.

தாங்கள் வளர்த்த வளர்ப்புதான் ஐயா இது. ஒரு கைப்பிடி உப்பு விற்றாலும் அதை அடுத்தவனுக்குச் சொல்லாத கடையில் வளர்ந்த பிள்ளை, என் வீட்டுச் சுவரையும் மூடி வைத்தது. அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. தையில் கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும், முன் வரிசையில் பாய் போட்டு வைக்கிறேன். தங்கள் குடும்பத்துக்கு அம்மன் ஒரு குறையும் வைக்க மாட்டாள். வீரம்மாவும் பிள்ளைகளும் தங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத,
பழனியாண்டி, கைநாட்டு.

பின்குறிப்பு: ஐயா, எனக்கு எழுத்து வராது. எப்போதும் எனக்குக் கடிதம் எழுதித் தரும் கடைக்காரர் பக்கீர் பாய் வலப்பனைக்குச் சம்பந்தம் பேசப் போய்விட்டார். அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது எங்கள் மாப்பிள்ளை அழகன், சம்மந்தி வீரய்யாவின் மகன்தான். தாங்கள் பயப்பட வேண்டாம். "தம்பி, எழுதுறது மட்டுந்தான் ஒன் வேல, கேக்குறது இல்ல" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். சரிங்க மாமா என்று ஒத்துக்கொண்டிருக்கிறது, நல்ல பிள்ளை.

ஐயா அவர்களுக்கு, மேற்படி கடிதத்தை எழுதிய அழகன் வணக்கத்துடன் சேர்த்துக்கொள்வது. மாமா ஸ்டோருக்குப் போய்விட்டார். அவர் சொன்னபடி நான் எதையும் கேட்கவில்லை. ஆனால் அம்மாக்கண்ணு சிலேட்டை சார் ஏன் துடைத்தார் என்பதை மட்டும் தங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒரே ஆணிதான். கல்யாணப் பேச்சுக்குச் செல்லசாமி மாமா வரும்போதெல்லாம் எங்கள் அப்பா, கத்திச் சங்கத்துத் தலைவர், அவர் மனசு கோணக் கூடாது என்று கூடைக் காலண்டரை முன்னால் எடுத்து மாட்டுவார். தங்கச்சி அதைத்தான் போட்டிருந்தாள். எங்களுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். கல்யாணம் முடிந்து எனக்கும் மீனம்மாவுக்கும் தனிக் காம்பரா கிடைக்கும். அங்கேயும் இரண்டு பக்கத்திலிருந்தும் காலண்டர் வரும். தங்கள் கடைக் காலண்டர் ஒன்று இருந்தால் இப்போதே அனுப்பி வையுங்கள். அதை மாட்டி வைத்துவிட்டு, ஆணி ஒன்றுதான், இடமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம்.