மீதிப் பாட்டு

அரசு அலுவலகங்களில் நல்ல சத்தம் வீணாகிறது என்பதை முதலில் கவனித்தவள் அந்த மின்னிசைக் குழுவின் அக்காதான். குழு என்றால் அவளும் தம்பியும் இரண்டு கணினிகளும். அவளுக்குக் காது மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வந்தது. முழுதாகப் போவதற்குள் ஒரு கடைசி ஆல்பம்; அதன் கடைசிப் பாட்டை ஒருமுறையாவது அரங்கில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அந்தப் பாட்டில் வாத்தியமே கிடையாது. முந்தைய அனுமதிகளுக்காகக் காத்துக் கிடந்தபோது பதிவு செய்த முத்திரையின் ‘டொக்’, நாற்காலியின் முனகல், கண்காணிப்பாளரின் கொட்டாவி எல்லாவற்றையும் தாளம் தப்பாமல் கோத்திருந்தாள். காணொளியில் கோப்புகள் எறும்புபோல வரிசையாக மாடியேறி, கையெழுத்து வாங்காமலே இறங்கி வந்தன.

வெளியிட அனுமதி கேட்டுத் தம்பி அதே அலுவலகத்துக்குப் போனான்.

“படத்துக்கு ஆட்சேபணை இல்லை,” என்றார் கண்காணிப்பாளர். “படம்னா வெளிச்சம்தானே? ஜன்னல் வழியா வெளியேருந்து வருது. சத்தம் அப்படியா? இங்கேயே உற்பத்தி ஆகுது. அரசுச் சொத்து.”

“உங்க கொட்டாவியுமா சார்?”

“அலுவல் நேரத்துல விட்டதுப்பா.”

“வீட்டுல விட்டிருந்தா?”

“அது என் சொந்தக் கொட்டாவி. தாராளமா எடுத்துக்க.”

“சத்தத்தை எடுத்துட்டா பாட்டுல ஒண்ணும் மிஞ்சாது சார்.”

“மிஞ்சுறதுக்கு நாங்க எந்தத் தடையும் போடலையே.”

‘மேற்படி சத்தங்கள் நீங்கலாக, மீதிப் பாட்டை வெளியிட இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது’ என்று ஆணை வந்தது. அக்காவிடம் சொல்லத் தம்பிக்கு வாய் வரவில்லை. “எல்லாம் சரியாப் போச்சுக்கா,” என்றான்.

மீதிப் பாட்டு அரங்கேறியது. திரையில் முத்திரைகள் பஞ்சுபோல விழுந்தன. இசை விமர்சகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, “அடிநாதம் நெஞ்சை உலுக்குது,” என்றார். பக்கத்து இருக்கைக்காரர், தனக்கு மட்டும் ரசனை இல்லை என்றாகிவிடக் கூடாதே என்று தலையாட்டினார். அவரைப் பார்த்து அந்த வரிசை ஆடியது. அதைப் பார்த்து அடுத்த வரிசை. தம் கொட்டாவி வரும் இடத்தில் கண்காணிப்பாளர் அடக்கமாகப் புன்னகைத்தார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தனை தலைகளும் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

“பாட்டு ஓடுதாடா?”

தம்பியும் தலையாட்டினான்.

காது போய்விட்டது என்று அவள் முடிவு கட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னால் இருந்தவரின் பிடரியைப் பார்த்துத் தாளம் பிடித்து, கடைசிவரை தலையாட்டினாள்.

திரை இருண்டதும் கைதட்டல் எழுந்தது. அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.