பெட்டியில் விழாத டோக்கன்

ஆபீசர் வரும் நாளிலுமா பெட்டியில் இரண்டே டோக்கன் கிடக்க வேண்டும்? வளர்மதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால், பட்டா இல்லாததால் கரண்டு கம்பி எட்டிப் பார்க்காத பன்னிரண்டு வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக அரசாங்கத்தின் சோலார் செட்டு ஒன்று வந்திருந்தது; பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வளர்மதிக்கு. விளக்கு எல்லாருக்கும் உண்டு. ஃபேன் மட்டும், பேட்டரி தாங்காதென்று, தினம் வீட்டுக்கு ஒரு டோக்கன். அதைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு வளர்மதி ஸ்விட்சைப் போடுவாள். டோக்கனும் அவள் சூளையில் சுட்ட பீங்கான் வில்லைதான். காலையில் கொடுப்பது சாயங்காலம் திரும்பாது. அவளும் சளைக்காமல் புதிது சுட்டுக்கொண்டே இருந்தாள்.

கைக்குழந்தைக்காரி ஆதிலட்சுமி மட்டும்தான் ஃபேன் போட்டாள், அதுவும் வளர்மதியின் டோக்கனையும் சேர்த்து. பேட்டரி தினமும் நிறைந்தே நிற்க, "தேவையில்லன்னா வேற ஊருக்கு மாத்திடுவோம்" என்று ஆபீசர் போன் பண்ணிவிட்டார்.

வளர்மதி பூவாயி வீட்டுக்கு ஓடினாள். "அக்கா, டோக்கன் எங்க?"

"தீந்துபோச்சு."

"தீந்துபோவ அது என்னா சக்கரையா? சரி, டோக்கன் வேணாம், ஃபேன போட்டுக்க."

முந்தானையால் விசிறிக்கொண்டே பூவாயி சொன்னாள்: "நீ வச்ச சட்டத்த நாங்க மீறுவமா?"

பக்கத்து வீட்டுப் பக்கிரியும் அதையே சொன்னார். "ஞாயம்னா ஞாயம்தாம்மா."

வளர்மதிக்குப் பொறுமை போனது. பேட்டரி அறைக்குப் போய்ப் பன்னிரண்டு ஸ்விட்சையும் ஒரே மூச்சில் தட்டினாள். பாரம் தாங்காமல் படாரென்று எல்லாம் அணைந்தது. வாசலில் ஜீப்பு வந்து நின்றது.

"செட்டே ஓடலையே?" என்றார் ஆபீசர் பாலகிருஷ்ணன்.

"ஓடும் சார். எல்லா ஃபேனையும் ஒண்ணாப் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"யாருமே போடலைன்னு..."

"தேவை இருக்கறவங்க போடாம இருப்பாங்களாம்மா? நாளைக்கு லாரி வரும்."

ஃபேன் நின்ற ஆதிலட்சுமி வீட்டில் குழந்தை வீறிட்டது. வளர்மதிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பூவாயி, கூட்டத்தில் நின்ற வளர்மதியின் புருஷன் பாண்டியனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் வீட்டுக்கு ஓடி, ஒரு அரிசி டின்னைத் தூக்கி வந்து கவிழ்த்தான். கலகலவென்று அத்தனையும் டோக்கன்.

"எல்லாரும் எங்கிட்ட குடுத்ததுங்க சார். 'நாள் பூரா சூளையண்ட வேகுறா, அவ காத்தாடப் படுக்கட்டும்'னாங்க. இவகிட்ட குடுத்தா வாங்க மாட்டாளாம்."

இப்படி மனுஷர்கள் இருக்கும் இடத்தில் யார்தான் லாரியை அனுப்புவார்? பாலகிருஷ்ணன் செட்டை மாற்றச் சொல்லிக் கையில் வைத்திருந்த உத்தரவை அடித்துவிட்டு, "இன்னொரு பேட்டரிக்கு எழுதறேன்" என்றார். வளர்மதி பூவாயியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

ஜீப்பில் ஏறப்போன ஆபீசர் திரும்பினார். "ஏம்ப்பா, இவ்வளவு டோக்கன் சேர்ந்துச்சே, ஒரு நாளாவது அந்தம்மாவுக்கு ஃபேன் போட்டிருக்கலாமே?"

பாண்டியன் தலையைச் சொறிந்தான்.

"எங்க சார் போட? பட்டறை வுட்டதும், எவனாச்சும் டோக்கன் கொண்டாருவான்னு இவ ராப்பூரா இந்தப் பெட்டியண்டதான வந்து ஒக்காந்துக்குறா!"