பெல்தார்ப் ஊர்த் தேதிக்காரர்

பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் சாதாரண மனிதர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இது யாரு, அத்தையா, அப்பவே இவ்வளவு குண்டா என்று பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் ஊருக்கு ஒருவர் இருக்கிறார், அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் கண் நேரே சாக்கடை மூடிக்குப் போகும். மூடியிலிருந்து நடைபாதைக் கல்லுக்கு, கல்லிலிருந்து கடைப் பலகைக்கு, பலகையிலிருந்து தபால் பெட்டிக்கு என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது ஐம்பத்தெட்டு இல்ல" என்பார். முடிந்தது. படத்தில் நிற்கிற மனிதர்கள் செத்த மாதிரிதான். பாதிப் பேர் நிஜமாகவே செத்திருப்பார்கள், அது வேறு விஷயம். இந்த இனத்துக்குத் தேதிக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் தேவாலயம் பூட்டிக் கிடக்கிற ஊர் உண்டு, மதுக்கடை மூடிப்போன ஊர் ஏராளம், தேதிக்காரர் இல்லாத ஊரை மட்டும் நான் பார்த்ததில்லை. யார்க்‌ஷயரில் பெல்தார்ப் என்ற சந்தை ஊருக்குக் கிளிஃபர்ட் ஓல்ராய்ட். எழுபது தாண்டியவர். ஊராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் எடுபிடியாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். அவரிடம் யாரும் வழி கேட்கக் கூடாது. வெளியூர் லாரிக்காரர் ஒருவர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். "நேரா போ, முன்னாடி பேங்க் இருந்த இடத்துல இடது பக்கம் திரும்பு, அப்புறம் இடிச்ச சினிமாக் கொட்டகை வரும்" என்றார் கிளிஃபர்ட். இடித்த கொட்டகை எப்படி ஐயா வரும்? லாரி அன்று மாலை வரை ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

முகநூலில் 'பெல்தார்ப்: அன்றும் இன்றும்' என்று ஒரு குழு இருக்கிறது. அதில் ஒரு பெண், சைக்கிளோடு நிற்கும் வாலிபன் ஒருவனின் படத்தைப் போட்டு, "என் அப்பா, 1958. போன செவ்வாய்க்கிழமை எங்களை விட்டுப் போயிட்டார்" என்று எழுதியிருந்தாள். ஊரே உருகி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. கிளிஃபர்டும் வந்தார். "1958 இல்லை. சாக்கடை மூடியைக் கவனிக்கவும்" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு அந்தப் பெண் நன்றி சொன்னாள் பாருங்கள், அங்கேதான் இந்த ஊர் மக்களின் பெருந்தன்மை நிற்கிறது. கிளிஃபர்டின் மனைவி பெரில் மட்டும் மறுநாள் ஒரு பழக்கேக் செய்து எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று, "அவர் கெட்டவர் இல்லம்மா, கண்ணு அங்கதான் போகுது, என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு வந்தாள். கேக் செய்து செய்தே அவளுக்குக் கை நோவு.

ஒரு ஊரில் ஒரு தேதிக்காரர் இருந்தாலே தாங்காது. பெல்தார்ப்பில் இரண்டாவது ஒருவரும் இருந்தார். ஜெஃப்ரி ஸ்பிங்க், முன்னாள் பஸ் கண்டக்டர். கிளிஃபர்ட் கம்பத்தை வைத்து வருஷம் சொன்னால் ஸ்பிங்க் பஸ்ஸை வைத்துச் சொல்வார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். குதிரைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை எந்த வருஷம் அகற்றினார்கள் என்ற தகராறில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். அந்தத் தொட்டியில் எந்தக் குதிரையும் தண்ணீர் குடித்ததாக இருவருக்கும் ஞாபகம் கிடையாது.

நவம்பர் மாதம் மெதடிஸ்ட் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் 'பழைய படங்கள் மாலை' நடக்கும். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மார்ஜரி அம்மாள்தான் திரை கட்டிப் படம் காட்டுவாள். ஒவ்வொரு படத்துக்கும் ஊர் கூடி இடம், வருஷம், பெயர் சொல்ல வேண்டும், அவள் எழுதிக்கொள்வாள். அது பிறகு ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. அந்த வருஷம் புதிதாக ஒரு கட்டு கிடைத்திருந்தது. மூடிப்போன ஒரு மருந்துக்கடையின் பரணில், யாரும் பார்க்காத படங்கள். கூடம் நிரம்பி, பன்றி இறைச்சி சாண்ட்விச் ஆரம்பத்திலேயே தீர்ந்துவிட்டது.

ஐந்தாறு படம் போன பிறகு திரையில் சந்தைச் சதுக்கம் வந்தது. கோடைக்கால வெயில். பின்னால் ஒரு பஸ். முன்னால் ஒரு காங்கிரீட் விளக்குக் கம்பம். கம்பத்தின் கீழே ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் ஒரே காகிதப் பொட்டலத்திலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். முகம் சின்னதாக, மங்கலாக இருந்தது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிலுக்கு முகம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. வெள்ளைக் காலர் வைத்த அந்த கவுனை அவளே தைத்தாள். கையிலிருந்த டீ தட்டில் சிந்தியது.

"அறுபத்தஞ்சு. பஸ்ஸைப் பாரு" என்றார் ஸ்பிங்க், கூடத்தின் ஒரு கோடியிலிருந்து.

"அறுபத்தாறு" என்றார் கிளிஃபர்ட், மறுகோடியிலிருந்து.

"அந்த பஸ்ல நான் டிக்கெட் கிழிச்சிருக்கேன்யா!"

"அந்தக் கம்பத்துக்குக் குழி தோண்டினதே நான்தான்யா! அறுபத்தாறு மே மாசம். முதுகு பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் குனிய முடியல."

"எல்லாக் கம்பமும் ஒரே மாதிரிதானே இருக்கு."

இதைவிட ஒரு பெரிய வசவைக் கிளிஃபர்ட் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. எழுந்து நின்றுவிட்டார். "மார்ஜரி, கீழ்ப்பக்கம் பெருசு பண்ணு. சிமெண்ட் காயறதுக்கு முன்னாடி என் பேரோட முதல் எழுத்தைக் குச்சியால கீறி வெச்சேன். பெருசு பண்ணு, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்."

"போதும் கிளிஃப், டீ ஆறுது" என்றாள் பெரில்.

"ஆறட்டும்."

மார்ஜரி பெரிதாக்கினாள். கம்பத்தின் அடிப்பாகம் திரை நிறைய வந்தது, சிமெண்டில் சி.ஓ. என்று கோணலாக இரண்டு ஆங்கில எழுத்து. கிளிஃபர்ட் வெற்றியோடு கூடத்தைப் பார்த்தார். அதற்குள் மார்ஜரியின் விரல் தவறி எங்கோ பட, படம் சர்ரென்று மேலே ஏறி, அந்தப் பெண்ணின் முகத்தில் போய் நின்றது. வறுவல் ஒன்று அவள் வாயருகில் இருந்தது. அதை ஊட்டிக்கொண்டிருந்தவன் டெரிக் பிக்கர்ஸ்கில், மீன் வறுவல் கடைக்காரர் மகன், பிறகு கனடாவுக்குப் போனவன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டவள் பெரில்.

கூடத்தில் அத்தனை பேரும் தத்தம் டீக் கோப்பைக்குள் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏனென்று கேட்கிறீர்களா? கிளிஃபர்டுக்கும் பெரிலுக்கும் நிச்சயம் ஆனது அறுபத்தைந்து கிறிஸ்துமஸுக்கு, இதே கூடத்தில். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த விருந்தில் சாப்பிட்டவர்கள். அடுத்த கோடையில் பெரில், ஃபைலி என்ற கடற்கரை ஊரில் இடுப்பு ஒடிந்து கிடக்கிற சித்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாராவாரம் சந்தைச் சதுக்கத்துக்கு பஸ் ஏறப் போனாள். அந்தச் சித்தியின் இடுப்புக்காக பக்கத்துத் தேவாலயத்தில் ஜெபம்கூட நடந்தது.

அப்போதுதான் பெல்தார்ப் தன் குணத்தைக் காட்டியது. முதலில் ஸ்பிங்க். வாழ்நாள் பகையை ஒரு நொடியில் மடித்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நான்தான் சொன்னேனே கிளிஃப், அறுபத்தஞ்சுன்னு. அது எழுத்து இல்லப்பா, விரிசல்."

"ஆமா, விரிசல் மாதிரிதான் இருக்கு" என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு.

"விரிசலேதான்" என்றார்கள் பின்னால்.

"எனக்கும் அறுபத்தஞ்சு மாதிரிதான் தோணுது" என்றார் பாதிரியார். அவர் பிறந்ததே அதற்கு இருபது வருஷம் கழித்து.

மார்ஜரி பென்சிலை எடுத்தாள். "அப்போ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சுன்னு எழுதிடட்டுமா, கிளிஃபர்ட்?" அவள் குரல் ஏறக்குறையக் கெஞ்சியது. அறுபத்தைந்து கோடை என்றால் நிச்சயத்துக்கு முந்தைய கதை. கன்னிப் பெண் யாரோடு வேண்டுமானாலும் வறுவல் தின்னலாம். ஒரே ஒரு வருஷத்தை விட்டுக்கொடுத்தால் போதும், மானம் மிஞ்சும், கல்யாணம் மிஞ்சும், எல்லோரும் இன்னொரு கோப்பை டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கிளிஃபர்ட் திரையைப் பார்த்தார். நின்று நிதானமாக ஒரு முகத்தைப் பார்த்தார். பெரிலுக்குத் தெரிந்து பழைய படம் ஒன்றில் அவர் மனித முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போய்ச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "அறுபத்தஞ்சுன்னு சொல்லிடு கண்ணு" என்றாள் ரகசியமாக. இத்தனை வருஷம் கட்டிக் காத்த குடும்பம் இந்த ஆளின் நாக்கு நுனியில் நிற்கிறதே என்று பயந்தாள்.

கிளிஃபர்ட் வாயைத் திறந்தார், மூடினார். அறுபத்தைந்து என்ற சொல் பாதி வரை வந்ததென்றே நான் நினைக்கிறேன். ஆனால் கண் மறுபடியும் கம்பத்துக்குப் போய்விட்டது.

"அறுபத்தாறு" என்றார். "மே மாசத்துக்கு அப்புறம்."

எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. மார்ஜரி தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். ஸ்பிங்க் கூடத்தின் குறுக்கே நடந்து வந்து கிளிஃபர்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துக்க வீட்டில் குலுக்குவது போலவும் இருந்தது, பந்தயத்தில் ஜெயித்தவனிடம் குலுக்குவது போலவும் இருந்தது.

வீட்டுக்கு நடந்து போகையில் பெரில் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். டெரிக்கின் சிரிப்பைப் பற்றி, அவன் கூடவே வரச் சொன்னதைப் பற்றி, பெட்டிகூடக் கட்டிவிட்டு, குழி தோண்டி முதுகு பிடித்துப்போய் வெந்நீர் ஒத்தடம் கேட்டு நின்ற இந்த மனுஷனை நினைத்துப் பெட்டியைப் பிரித்ததைப் பற்றி. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். அவர் கத்தினால் கத்தட்டும், அழுதால் சேர்ந்து அழலாம்.

வாசல் கதவருகே கிளிஃபர்ட் நின்றார்.

"அன்னிக்கு என்ன கிழமை பெரில்?"

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழமை?"

"என்னை மன்னிச்சுடு கிளிஃப். நான் அப்பவே உன்கிட்ட சொல்லியிருக்கணும்…"

"அதில்ல. மார்ஜரிகிட்ட வருஷம் மட்டும்தான் சொன்னேன். தேதியும் இருந்தா படத்துக்குக் கீழ சரியாப் போட்டுடலாம் பாரு. படத்துல இருக்கற ஆளே வீட்டுல இருக்கறப்போ கேக்காம விடலாமா?"

பெரில் அவரையே பார்த்தாள். பயம் போன இடத்தில் கோபம் வந்தது. ஒரு பெண் ஒரு கோடை முழுக்க இவரா அவனா என்று தவித்து இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், ஒரு துளி பொறாமைப்படக் கூடாதா இந்த மனுஷன்?

"எந்தச் சனிக்கிழமைன்னு எப்படிச் சொல்றது?" என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "அந்த வருஷம் எல்லாச் சனிக்கிழமையும்தான்."

கிளிஃபர்ட் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அப்போ பொதுவா 'கோடை'ன்னு போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தேடினார். பூட்டில் சாவி நுழைய வெகு நேரம் ஆயிற்று. சாவி பூட்டைச் சுற்றிச் சுற்றி உரசியதை பெரில் பார்த்தாள். பார்த்துவிட்டு, சாவியைத் தான் வாங்கித் திறந்தாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், கிளிஃபர்ட் மாதிரி ஆட்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். மேலே படித்து வருகையில் எங்கேயாவது ஓரிடத்தில், மே மாதம் கம்பம் நட்டார் சரி, அதனால் படம் அறுபத்தாறில்தான் எடுத்தது என்று எப்படி ஆகும், அறுபத்தேழாகவும் இருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், இதை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும்.