கரண்டுக்கு மூச்சு வாங்குதுங்க

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் பலர் இருக்கலாம். மின்சாரத்தின் மேல் இரக்கப்பட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். கொல்லிமலைச் சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, தகரக்கூரைக் கடையில் மிக்ஸியும் மருந்தடிக்கும் மெஷினும் ரிப்பேர் பார்க்கிறார். பெயர் டெஸ்டர். அப்பா அம்மா வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். சந்தையில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

மற்றவர்கள் காதில் பென்சில் செருகுவார்கள், பீடி செருகுவார்கள். இவர் காதில் கரண்டு வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர். அதால் அவர் தொட்டுப் பார்க்காத பொருள் அந்தச் சந்தையில் கிடையாது. ஒருமுறை பலாப்பழம் விற்க வந்தவரின் பழத்திலேயே அதைக் குத்தி, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் போகோணுமுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரியாக இரண்டாம் நாள் அந்தப் பழம் பழுத்துத் தொலைத்தது. இப்படி எப்போதாவது சரியாகிவிடுவதுதான் அந்த மனிதரிடம் பெரிய தொல்லை.

முதல் சந்திப்பிலேயே என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, பஸ்ஸுல ஏறி வந்தீங்களே, எப்பிடி இருந்துச்சு?"

"எழுபது கொண்டை ஊசி வளைவு. ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்."

"பாருங்க! உக்காந்துட்டு வந்த உங்களுக்கே அப்பிடி. கரண்டு பாவம், கம்பியப் புடிச்சுக்கிட்டே ஏறி வருதுங்க. மேல வந்து சேர்றதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்குதுங்க. வந்ததும் வராததுமா கிரைண்டரப் போட்டா அது என்னதான் பண்ணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். படிப்பாளி வேறு. "கம்பி வளைஞ்சு வளைஞ்சு வராதுங்க. நேரா மேல ஏறி வந்துடும்" என்றேன்.

அவர் முகம் இன்னும் வாடிவிட்டது. "நேரா ஏறுனா இன்னும் கஷ்டமாச்சுங்களே!"

அவர் கடை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். திருஷ்டிக்கு என்று நினைத்தேன். இல்லையாம். ஏறி வந்த கரண்டின் தலைசுற்றலுக்காம்.

நான் மலைக்குப் போனது சாமையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய. எடப்புளி நாடு, பெரக்கரை நாடு என்று அந்த மலையின் ஊர்க்கூட்டங்களில் காடு காடாக ஏறி இறங்கி மூன்று வருஷம் சேர்த்த கணக்கு வழக்கெல்லாம் ஒரே ஒரு லேப்டாப்பில் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: எடுக்கவில்லை. தயவுசெய்து நீங்களும் திட்டாதீர்கள். என் கைடு வேண்டிய அளவு திட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை மெயிலில் அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் தள்ளிப் போகும். கீழே ஒரு கல்லூரியில் எனக்காக வைத்திருந்த வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, ஆயுத பூஜை. அன்று மதியம் சார்ஜரைச் செருகினேன். லேப்டாப்பில் விளக்கு எரியவில்லை. பிடுங்கினேன், செருகினேன். பிளக்கை மாற்றினேன். தட்டினேன். கெஞ்சினேன். பேட்டரி பதினொரு சதவீதம் என்றது, ஏழு என்றது, பிறகு எதுவுமே சொல்லவில்லை. நாமக்கல்லில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். பூஜை, விஜயதசமி, அப்படியே சனி ஞாயிறு, எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டுச் சொந்த ஊர் போயிருந்தார்கள். திங்கட்கிழமை வாங்க மேடம் என்றார்கள். திங்கட்கிழமை நான் எதற்கு வர வேண்டும், அழுவதற்கா?

வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை காலை டெஸ்டரிடம் போனேன். கடையில் கூட்டமான கூட்டம். மிக்ஸி, மருந்து மெஷின், முடிதிருத்துகிறவரின் டிரிம்மர், எல்லாம் வரிசையில் நின்றன.

"வருசாவருசம் பூசைக்கு மக்யா நாளு இப்பிடித்தானுங்க" என்றார். "ஒரு நாள் லீவு உட்டமில்ல, மெசினுக்கும் சோம்பல் புடிச்சுக்குது."

என் சார்ஜரை வாங்கினார். அதன் முனையில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. அந்த முனையில் அது எரியாது, அவ்வளவு கரண்டு அங்கே வராது என்று விளக்கினேன். "வராதுன்னு தெரிஞ்சே எதுக்குங்க செருகுறீங்க?" என்றார். பக்கத்து ஊர்க் கல்லூரிப் பெண்ணிடம் அதே மாதிரி சார்ஜர் இருந்தது. ஓடிப்போய் வாங்கி வந்தேன். அதைச் செருகியும் லேப்டாப் அசையவில்லை.

"அப்ப ஈரமுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். "பனி குடிச்சிருக்குது உங்க பொட்டி."

அவர் கடைக்கு அடுத்து பொன்னாயி அக்காவின் டீக்கடை. வாசலில் தார்ப்பாய் விரித்துச் சாமை காயப்போட்டிருந்தார். அதன் நடுவில் என் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டார் டெஸ்டர். நான் ஒரு டீ குடித்துத் திரும்புவதற்குள், சாமையைக் காலால் கிளறிக்கொண்டே வந்த பொன்னாயி அக்கா என் லேப்டாப்பையும் குப்புறக் கவிழ்த்துப் போட்டார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"ஒரு பக்கமே காஞ்சா எப்பிடி கண்ணு? அந்தப் பக்கமும் காய வேண்டாமா?"

நிமிர்த்தியபோது எழுத்துப் பட்டன்களின் இடுக்கிலெல்லாம் சாமை. மூன்று வருஷமாக லேப்டாப்புக்குள் சாமையைப் பற்றி எழுதியது போதாதென்று இப்போது சாமையே உள்ளே போய்விட்டது.

சனிக்கிழமை வேறு வைத்தியம். பட்டினி. "கட்டாயப்படுத்தி ஊட்டாதீங்க அம்மிணி. இன்னிக்குப் பூரா சார்ஜரைக் கண்ணுலயே காட்டாதீங்க. பசி எடுத்தா தானா திங்கும்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன செய்வது, அந்த மலையில் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை காதில் டெஸ்டர் செருகிய இந்த ஆள்தான். பட்டினி போட்டேன். லேப்டாப்போடு சேர்ந்து நானும் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்னையிலிருந்து தோழி போனில் சொன்னாள்: பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி ஓடுகிறதா பார். டெஸ்டரே கழற்றினார். பேட்டரியைக் கையில் ஏந்தி, "இதுதான் வயிறுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சார்ஜரைச் செருகினோம். லேப்டாப் ஓடவில்லை.

டெஸ்டர் பேட்டரியை எடை பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"வயித்தக் கழட்டி வெச்சும் திங்கலீன்னா கோளாறு வயித்துல இல்லீங்க. வாயில."

சரி! நூற்றுக்கு நூறு சரி! சார்ஜர் நல்ல சார்ஜர். பேட்டரியின் மேல் குற்றமில்லை. மிச்சம் இருப்பது லேப்டாப்பில் சார்ஜரைச் செருகும் ஓட்டை ஒன்றுதான். பலாப்பழம் பழுத்தது போலவே இதுவும் அவருக்குச் சரியாகிவிட்டது.

டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். "உள்ள மஞ்சளா இருக்குதுங்க." ஈர்க்குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். கட்டி கட்டியாக என்னவோ உதிர்ந்தது. எடுத்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சந்தனமுங்க! பாத்தீங்களா, கம்பெனிக்காரனும் பூசை போட்டுத்தான் அனுப்பியிருக்கான்!"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வியாழக்கிழமை காலை சந்தனக் கிண்ணமும் கையுமாகச் சந்தை முழுக்கச் சுற்றியவர் யார்? இவர்தான்! ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையால் பொட்டு வைப்பார். பூஜைக்கு நான் கொண்டுபோய் வைத்த லேப்டாப்பின் மூடியில் ஒன்று வைத்ததை நான் பார்த்தேன். அதோடு விட்டாரா? சாப்பிடுகிற வாய் எது என்று தேடிப் பிடித்து, அங்கேயும் குழைத்து அப்பியிருக்கிறார்! மிக்ஸிக்கும் மருந்து மெஷினுக்கும் மறுநாள் வந்த சோம்பல் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

"ஏங்க, அது..." என்று ஆரம்பித்தேன். டீ கொடுக்க வந்த பொன்னாயி அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தார். கையைப் பிடித்து டீக்கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"வாயத் தொறந்துபோடாத கண்ணு."

"அவர் வெச்ச பொட்டுதான் அக்கா! மூணு நாளா என் உயிர் போய் உயிர் வருது!"

"எங்களுக்குத் தெரியாதா? வருசாவருசம் அவரு வெச்சுட்டு அந்தப் பக்கம் போனதும் நாங்க ஈரத்துணியில தொடச்சுப்போடுவோம். மறந்தவங்கதான் மக்யா நாளு கடையில நிப்பாங்க."

"எனக்கு ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"நீ படிச்ச புள்ள. தொடச்சிருப்பேன்னு நெனச்சோம்."

"அவர்கிட்டச் சொன்னா என்ன?"

பொன்னாயி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கொஞ்சம் கூசியது. "ஒவ்வொரு மெசினுக்கும் வாய் எங்கன்னு தேடித் தேடி வெக்கறாரு சாமி. எங்க ஊட்டு ஆளு எனக்குக்கூட அப்பிடி ஒரு பொட்டு வெச்சதில்ல. நீ வெச்சதுதான் கெடுத்துதுன்னு சொல்லிப்போட்டா, அந்த மனுசன் அப்பறம் டெஸ்டரக் கையால தொடுவாரா?"

நான் கோபத்தை அடக்கிக்கொண்ட சரித்திரம் என் வாழ்க்கையில் கிடையாது. அன்று அடக்கினேன். திரும்பி வந்தபோது டெஸ்டர் பஞ்சில் ஓட்டையைத் துடைத்து முடித்து, பேட்டரியையும் மாட்டியிருந்தார். சார்ஜரைச் செருகினார். சின்ன விளக்கு எரிந்தது. நானும் பொன்னாயி அக்காவும் கத்திய கத்தலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி இரண்டரை. சார்ஜ் இரண்டு சதவீதம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருக்கிற அத்தனை கிரைண்டரும் ஜூஸ் மிக்ஸியும் ஓடிக்கொண்டிருந்தன. மின்சாரம் மினுக் மினுக் என்றது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அரை மணி நேரம் கழித்தும் இரண்டு சதவீதம்தான். என் முகத்தைப் பார்த்தார் டெஸ்டர். எழுந்து ரோட்டுக்கு ஓடினார்.

"அம்மிணி மூணு வருசம் படிச்சது கீழ போகோணுமுங்க! கரண்டு பாவம், ஒரே ஆளு! எல்லாரும் கொஞ்ச நேரம் நிறுத்துங்க!"

ஒருவராவது ஏன், எதற்கு என்று கேட்க வேண்டுமே! அன்னாசிப்பழம் பாதி அரைபட்டு நிற்க ஜூஸ்காரர் மிக்ஸியை நிறுத்தினார். மாவுக் கிரைண்டர் நின்றது. முடிதிருத்துகிறவர் பாதித் தலையோடு ஆளை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த பழக்கடை ஸ்பீக்கரும் ஓய்ந்தது. சோளக்காடே ஒரு பெண்ணின் லேப்டாப் சாப்பிடுவதற்காகச் சத்தமில்லாமல் நின்றது.

ஐந்து சதவீதம். ஒன்பது. பதினாறு. போனில் நெட்டை இழுத்து, சாமை உதிர உதிரத் தட்டி, நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.

"போயிருச்சுங்களா?" என்றார் டெஸ்டர்.

"போயிடுச்சுங்க."

"எறங்கறதுதானுங்க அம்மிணி. சீக்கிரம் போயிரும்."

வேலை கிடைத்தது. மலையை விட்டு இறங்கி வந்துவிட்டேன். கல்லூரியில் ஒரு புது லேப்டாப்பும் கொடுத்தார்கள்.

போன ஆயுத பூஜைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு, எழுபது வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோளக்காட்டில் போய் இறங்கினேன். டெஸ்டர் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். லேப்டாப்பை வாங்கிக் குப்புறப் போட்டு, பக்கவாட்டில் திருப்பி, குனிந்து தேடினார்.

"இதுக்கு வாய் ரொம்பச் சிறுசா இருக்குதுங்களே அம்மிணி. வெக்கட்டுங்களா?"

டீக்கடை வாசலில் பொன்னாயி அக்கா ஈரத்துணியோடு தயாராக நின்று எனக்குச் சைகை காட்டினார். வேண்டாம் அக்கா என்று தலையசைத்தேன்.

"வைங்க" என்றேன் அவரிடம். "நல்லாவே வைங்க."

ஊர் வந்து சேரும்வரை அதை நான் துடைக்கவில்லை.