பெரியப்பாவின் பாதிப் பேச்சு

சாவு வீட்டில் சும்மா நிற்கக் கூடாது. நின்றால் யாராவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். மில்லர்புரத்தில் என் பெரியப்பா இறந்த அன்று எனக்குக் கிடைத்தது பாட்டுப் போடும் வேலை. நான் பி.சி.ஏ. முதல் வருடம். (அதற்குள் கம்ப்யூட்டரை அணைக்கும் முறைதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வகுப்புக்கும் நான் லீவு.)

பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்து வீடுதான் நாங்கள். ஆனால் அவரும் அப்பாவும் பல வருடங்களாகப் பேசுவதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த முருங்கை மரத்தை அப்பா கேட்காமல் வெட்டியதுதான் காரணம். அன்றும் அப்பா உள்ளே போகாமல், பந்தலின் கடைசி நாற்காலியில் வழிதவறி வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மா ஒரு எம்.பி.த்ரீ பிளேயரை என் கையில் கொடுத்தார். பெரியப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது.

"ஏளா ஜெபா, இதுல உள்ள பாட்டுதான் அவியளுக்குப் புடிக்கும். இதையே போடு."

ஒலிபெருக்கியோடு இணைத்திருந்த லேப்டாப்பில் அதை ஒரு வயரால் சொருகினேன். பென்டிரைவ் போலத் திறந்தது. உள்ளே இரண்டு ஃபோல்டர்கள். இரண்டாவதில் என்ன இருக்கிறதென்று பார்த்திருக்கலாம். நான் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன். கீர்த்தனைகள் ஒலித்தன. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்தது. ஒரு கனைப்பு கேட்டது.

"ஏலே தங்கராசு..."

பெரியப்பாவின் குரல் தெருமுனை வரை போனது. ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த அத்தை, "ஏசுவே!" என்று அலறிப் போதகரின் மடியில் விழுந்தார். காபி டம்ளர்கள் உருண்டன. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

அந்தப் பிளேயரில் குரலைப் பதிவுசெய்யவும் முடியும். தங்கராசு என்கிற என் அப்பாவிடம் என்ன பேசுவதென்று பெரியப்பா அதில் ஒத்திகை பார்த்திருக்கிறார்.

"நாந்தாம்ல பேசுதேன். மரம் போனாப் போவுது. ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்லா? சரி, அத விடு. நான் செத்தாக்க நீ..."

அங்கேதான் பதற்றத்தில் பிளேயரின் வயரைப் பிடுங்கினேன். நிறுத்தும் பொத்தான் கண்ணெதிரே இருந்தது. கை வயருக்குத்தான் போனது.

அப்பா எழுந்து வந்தார். "போடுளா. மிச்சத்தப் போடு."

மறுபடி சொருகினேன். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாமென்று சொல்லிவிட்டு, திரும்பத் திரும்பச் சொருகினேன். அதே கேள்விதான் வந்தது. (பிறகு கடையில் கொடுத்தும் பார்த்தோம். எல்லாம் அழிந்துவிட்டது என்றார்கள்.)

"மிச்சம் இல்லப்பா" என்றேன்.

"என்னைய வராதன்னு சொல்ல வந்தானோ அண்ணன்?" அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெரியம்மா உள்ளேயிருந்து வந்தார். "சொன்னா என்ன தம்பி? இனி எந்திரிச்சி வந்து தள்ளவா போறாவ? உள்ள வாங்க."

அப்பா உள்ளே போய்ப் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்து அழுதார். கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றாமல் அண்ணனைச் சுமந்தார்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை வீட்டில் ஆளாளுக்கு முடித்துப் பார்த்தார்கள். சந்தோஷமான நாளில் அப்பா, "நீதாம்ல தூக்கணும்" என்பார். மனசு சரியில்லாத நாளில், "நீ வாசல்லயே நில்லுல" என்பார். யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால், "ஜெபா வயரப் புடுங்கிட்டாளா?" என்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் அப்பா என் கையைப் பிடித்து, "ஏளா, நான் போனப்புறம் நீ..." என்று தொடங்கினார். மூச்சு வாங்கியது. பெரியம்மா கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து, "வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு. முழுசாச் சொல்லுங்க தம்பி" என்றார். அப்பா சிரித்துவிட்டார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. "நாளைக்குச் சொல்லுதேன்ளா" என்று கண்ணை மூடினார். விடிவதற்குள் போய்விட்டார்.

அப்பா பாதியில் விட்ட வாக்கியத்துக்குப் பெரியம்மாவிடம் ஒரு முடிவு இருக்கிறது. நான் எப்போது அழுதாலும் முதுகைத் தடவிக்கொண்டே சொல்வார்: "நான் போனப்புறம் நீ பாட்டுப் போடாதன்னுதாம்ளா சொல்ல வந்திருப்பாவ."