மீசைக்கார அண்ணன்

நாவலைப் படித்துவிட்டால் படத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று நம்புகிற மேதாவிகள் உண்டு. ஒரு காலத்தில் அவர்களுக்கெல்லாம் நான்தான் தலைவன்.

உத்திரமேரூரில் எங்கள் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு, நாவலிலிருந்து எடுத்த பழைய வெளிநாட்டு ஊமைப்படம் ஒன்றைத் திரையிட முடிவு செய்தோம். அழுது தீர்க்கிற குடும்பக் கதை. நடுநடுவே வரும் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் என்பதால் யாராவது மைக்கில் கதை சொல்ல வேண்டும். நான் முந்திக்கொண்டேன். காரணம் இருந்தது. தாமலில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கல்பனாவை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. தயக்கமெல்லாம் அவள் அப்பாவுக்குத்தான். "பையன் வாயே தொறக்க மாட்டேன்றான், பேச வருமா வராதா?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். வரும் என்று காட்டுவதற்காகவே அப்பாவையும் மகளையும் விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

மூன்று வாரம் நாவலை வரிவரியாகப் படித்தேன். படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. (கதை ஒன்றுதானே!)

திரையில் பெரிய மீசையோடு ஒருவர் வந்தார். நாவலில் மீசைக்காரர் ஒருவர்தான். "இவர்தான் நாயகியின் பாசமிகு அண்ணன்! தங்கைக்காக உயிரையும் கொடுப்பார்!" என்று முழங்கினேன். கைதட்டல். கல்பனாவின் அப்பாகூடத் தலையாட்டினார். அந்த உற்சாகத்தில், நாவலிலேயே இல்லாத பாசத்தையெல்லாம் சேர்த்து ஊற்றினேன்.

அரை மணி நேரம் கழித்து அண்ணன் முழங்காலிட்டு, தங்கையின் விரலில் மோதிரம் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இழுத்து அணைத்து முத்தமும் கொடுத்தார்.

படம் எடுத்தவர்கள் அண்ணனைத் தூக்கிவிட்டு, அவர் மீசையைக் காதலனுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னாபா, அண்ணன்னு சொன்ன! இன்னா பண்ணிக்கினு கீறான் பாரு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து கத்தினார்.

மைக்கிலேயே சமாளித்தேன். "சொந்த அண்ணன் இல்லீங்க... எதிர்வூட்டு அண்ணன்!"

"அப்ப உயிரக் குடுப்பான்னியே?"

"அது... கல்யாணத்துக்கு அப்புறம்!"

பந்தலே அதிர்ந்தது. சோகப்படத்துக்கு வந்த ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கல்பனாவின் அப்பா மட்டும் சிரிக்காமல் எழுந்தார். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது கல்பனா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தபடி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நைனா, இவரையே பேசி முடி. காலத்துக்கும் சிரிச்சிக்கினு இருக்கலாம்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. இன்றும் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கு வந்தால், அவர் மீசையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மாமனார் என்னிடம் கேட்கிறார்: "மாப்ள, இவரு புக்குல அண்ணனா, படத்துல அண்ணனா?"